கால்நடை வைத்தியக் கல்வியும் கலாசாலைத் தேர்வும்

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. ஆநிரையே செல்வமாக எண்ணப்பட்ட பழங்காலத்தின் எச்சமாகிய இப்பொருள், நகரங்களில் அகராதியளவில் ஒடுங்கிவிட்டதெனினும், மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் இன்றும் உயிரோடு வழங்குகின்றது. சித்திர வேலாயுத சுவாமி கோயிலாற் புகழ்பெற்ற சித்தாண்டி அவ்வூர்களுள் ஒன்று. மட்டக்களப்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிற் செங்கலடி, வந்தாறுமூலை ஆகியவற்றைக் கடந்து செல்வோர் சித்தாண்டியை அடைவர். முந்தனையாற்று நீர் பாயும் வயல்களும், அவற்றுக்கு அப்பால் மேற்கே விரியும் காடும் புல்வெளியும் இப்பகுதியின் இயற்கை அமைப்பாகும். நெல்லும் பாலுமே இங்குள்ளார் வாழ்வுக்கு இரு தூண்கள். பெரும்போக விதைப்புக் காலத்தில் மாட்டுப்பட்டிகள் வயற்புறத்தினின்றும் மேற்கேயுள்ள மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்க்கப்படுகின்றன. அறுவடை முடிந்ததும் அவை அரிதாளை மேய மீண்டும் வருகின்றன. மட்டக்களப்பு எருமைத் தயிர் இலங்கையெங்கும் பெற்றுள்ள பெயர் இவ்வாழ்க்கை முறையின் பயனேயாம்.

இத்தகைய ஊரிற் பிறந்து, உயர்தர வகுப்பில் உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் பயிலும் மாணாக்கருட் சிலர் கால்நடை வைத்தியராக விரும்புதல் இயல்பே. ஆயின், எக்கலாசாலைக்கு விண்ணப்பித்தல் தகும் என்னும் வினா எழும்போது, அவர்க்கு வழிகாட்டுவோர் மிகச் சிலர். உறவினர் ஒருவர் கூறிய செய்தியோ, கேள்விப்பட்ட ஒரு கலாசாலையின் பெயரோ, மருத்துவபீடம் கிட்டாதாயின் இதுவாவது கிட்டட்டும் என்னும் எண்ணமோ அத்தேர்வை முடிவு செய்துவிடுகின்றது. வாழ்நாள் முழுவதற்கும் உரிய தொழிலொன்றின் வாயிலை இங்ஙனம் தேர்தல் தகுமா என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு இக்கல்வி தோன்றிய வரலாற்றைச் சிறிதேனும் அறிந்திருத்தல் பெருந்துணையாகும்.

விலங்குகளுக்கு மருத்துவம் செய்தல் மிகப் பழைய கலை. தமிழிலும் மாட்டு வாகடம் என வழங்கும் நூல்கள் உள. ஊர்தோறும் மாட்டு வைத்தியர் இருந்தனர். ஆயினும், அக்கலையை முறையாகக் கற்பிப்பதற்கென்று ஒரு கலாசாலை தோன்றியது 18 ஆம் நூற்றாண்டிலேயே. அந்நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாட்டு மந்தைகளை வெக்கை நோய் மீண்டும் மீண்டும் தாக்கி அழித்தது. உழவுக்கு எருதும் உணவுக்குப் பாலும் இன்றி நாடுகள் தவித்தன. இந்நிலையிற் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1762 இல் குளோட் பூர்ஷெலா என்பவர் கால்நடை வைத்தியக் கலாசாலையொன்றைத் திறந்தார். உலகின் முதற் கால்நடை வைத்தியக் கலாசாலை எனப் போற்றப்படுவது அதுவே. இலண்டனில் 1791 இலும், இந்தியாவின் பம்பாயில் 1886 இலும், சென்னை வேப்பேரியில் 1903 இலும் இத்தகைய கலாசாலைகள் நிறுவப்பட்டன. சென்னைக் கல்லூரி 1935 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுப் பட்டக் கல்வி வழங்கும் நிலையை அடைந்தது.

இக்கலாசாலைகளின் தோற்றத்துக்குக் காரணமாயிருந்த வெக்கை நோயின் வரலாறு கிழக்கிலங்கைக்கும் உரியது. பல்லாண்டுகளாக இந்நோய் காணப்படாதிருந்த இலங்கையில், 1987 இல் வெளியிலிருந்து கொணரப்பட்ட ஆடுகளின் வழியாக அது மீண்டும் புகுந்து, வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளையும் எருமைகளையும் மாய்த்தது. 1990களின் நடுப்பகுதியிலேயே நாடு அதனினின்றும் விடுபட்டது. உலகம் முழுவதிலும் அந்நோய் ஒழிக்கப்பட்டுவிட்டதென 2011 இல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் உலகினின்றும் முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் இது ஒன்றே. இவ்வெற்றி ஆய்வுகூடங்களில் மாத்திரம் ஈட்டப்பட்டதன்று. தடுப்பு மருந்தை எடுத்துக்கொண்டு பட்டி பட்டியாகச் சென்றோரின் உழைப்பாலும் ஈட்டப்பட்டது. ஒரு கலாசாலையின் பெருமை அதன் கட்டடத்திலன்று, அது பட்டிக்கு அனுப்பும் மனிதரிலேயே உளது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. கலாசாலைத் தேர்வுக்கும் இதுவே அடிப்படையாதல் வேண்டும்.

இனி, இலங்கையின் நிலையை நோக்குதல் தகும். இந்நாட்டிற் கால்நடை வைத்தியக் கல்வி தோன்றுமுன், அதனை விரும்பியோர் கடல் கடந்தே கற்க வேண்டியிருந்தது. 1940களின் பிற்பகுதியில் இலங்கைப் பல்கலைக்கழகம் இக்கல்வியைக் கொழும்பிலே தொடங்கிற்று. பின்னர் அது பேராதனைக்கு இடம் பெயர்ந்து, வேறு பீடங்களோடு இணைந்து வளர்ந்து, 1980 இற் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடம் எனத் தனிப்பீடமாயிற்று. நாட்டின் பல்கலைக்கழகங்களுட் கால்நடை வைத்தியப் பட்டம் வழங்குவது இன்றளவும் இப்பீடம் ஒன்றே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முப்பதுக்கு மேற்பட்ட கால்நடை வைத்தியக் கலாசாலைகள் உள. அங்குள்ள மாணவன் அவற்றுட் பலவற்றை ஒப்புநோக்கிச் சிலவற்றைத் தேர்ந்து விண்ணப்பிக்கின்றான். சித்தாண்டி மாணவனுக்கோ உள்நாட்டில் உள்ள வாயில் ஒன்றே. ஆதலின், அவன் செய்யும் தேர்வு பெயர்களுக்கிடையே செய்யும் தேர்வன்று. பேராதனையா, அண்மையிலுள்ள வேறு கல்வியா, கடல் கடந்த கலாசாலையா என்னும் மூன்று வழிகளுக்கிடையே செய்யும் தேர்வாகும்.

இம்மூன்றையும் எடைபோடுவதற்கு நான்கு வினாக்கள் உதவும். அவற்றுள் முதலாவதும் தலையாயதும், இக்கல்வி முடிவில் எத்தொழிலைச் செய்யும் உரிமையைத் தரும் என்பது. பலரும் இவ்வினாவை இறுதியிற் கேட்கின்றனர். சிலர் கேளாமலே விடுகின்றனர். இலங்கையிற் கால்நடை வைத்தியத் தொழில் 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தினால் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. அச்சட்டத்தின் வழி இயங்கும் கால்நடை வைத்திய சபையிற் பதிவு பெற்றவரே கால்நடை வைத்தியராகத் தொழில் புரியலாம். ஆதலின், பட்டச் சான்றிதழிற் கால்நடை என்னும் சொல்லோ விலங்கு என்னும் சொல்லோ காணப்படுதல் மட்டும் போதாது. அப்பட்டம் சபையின் பதிவுக்குத் தகுதியுடையதா என்பதே நோக்கத்தக்கது.

சித்தாண்டி மாணாக்கர்க்கு இவ்வேறுபாடு மிக அண்மையில் உள்ளது. ஊருக்கு அடுத்துள்ள வந்தாறுமூலையில் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானத்துறை உண்டு. அங்கே கால்நடைகளின் போசணை, இனவிருத்தி, பாலுற்பத்தி, தீவன வளர்ப்பு முதலியன கற்பிக்கப்படுகின்றன. வீட்டிலிருந்தே சென்று கற்கக்கூடிய தூரத்தில் இத்தகைய கல்வி கிட்டுதல் பெரும்பேறு. ஆயின், அங்கே பெறுவது விவசாயப் பட்டம். கால்நடை வைத்தியப் பட்டமன்று. அப்பட்டம் பெற்றவர் பண்ணை முகாமையாளராகவோ, ஆராய்ச்சியாளராகவோ, விரிவாக்க உத்தியோகத்தராகவோ, ஆசிரியராகவோ ஆகலாம். நோயுற்ற பசுவுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் உரிமையை அப்பட்டம் தராது. பதுளையிலுள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகம், வயம்ப பல்கலைக்கழகம் முதலியவற்றில் உள்ள விலங்கு விஞ்ஞானக் கல்விக்கும் இது பொருந்தும். குண்டசாலையில் உள்ள கால்நடை வளர்ப்புக் கல்லூரியின் தகைமைச் சான்றிதழும் பயனுடையதே. கிராமங்களிற் கால்நடை வைத்தியரோடு சேர்ந்து பணியாற்றும் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு ஏற்ற கல்வி அது. எனினும், அதுவும் வைத்தியப் பட்டத்துக்கு ஈடாகாது.

இவ்வாறு கூறுதல் இக்கல்விகளைத் தாழ்த்துவதாகாது. மட்டக்களப்பின் பாற்றொழில் தாழ்ந்திருத்தற்குக் காரணம் நோய் மட்டுமன்று. நல்ல தீவனமின்மை, கோடையில் நீரின்மை, இனவிருத்தி ஒழுங்கின்மை, பாலுக்கு உரிய விலையின்மை ஆகியனவும் காரணங்களே. இவற்றுட் பெரும்பாலானவற்றைத் தீர்க்க வல்லவர் விலங்கு விஞ்ஞானம் கற்றவர். ஒரு மாணவனின் உள்ளத்து விருப்பம் நோய் தீர்ப்பதிலன்றிப் பட்டியைப் பெருக்குவதிலாயின், வந்தாறுமூலையே அவனுக்குச் சிறந்த கலாசாலை. வைத்தியம் செய்ய விரும்புவோன் அதனை வைத்தியக் கல்வி என மயங்கிச் சேர்தலும், விஞ்ஞானத்தில் நாட்டமுடையோன் அதனைத் தாழ்ந்ததென மயங்கித் தள்ளுதலும் ஆகிய இரண்டுமே தவறாம்.

வைத்தியமே தன் தொழில் எனத் துணிந்த மாணவன் அடுத்துப் பேராதனை வாயிலை நோக்குவான். இங்கே கலாசாலை மாணவனைத் தேர்வதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே நாடு முழுவதற்குமாகத் தேர்வு செய்கின்றது. உயர்தரப் பரீட்சையிற் பெற்ற இசட் புள்ளியே அதற்கு அளவுகோல். மொத்த இடங்களுள் 40 சதவீதம் வரை நாடளாவிய தகுதி வரிசைப்படியும், 55 சதவீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் வரை கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் வழங்கப்படும் முறை அண்மைக்காலம் வரை நிலவிவந்துள்ளது. அப்பின்தங்கிய மாவட்டங்கள் 16 இனுள் மட்டக்களப்பும் ஒன்று.

இவ்விகிதங்களின் பொருளை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 203 இலட்சம். மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 26 ஆயிரம். அஃதாவது நாட்டின் தொகையில் 2.6 சதவீதம். பீடத்தில் 100 இடங்கள் உள்ளன என ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால், மாவட்ட விகிதப்படி பகிரப்படும் இடங்கள் 55. அவற்றுள் மட்டக்களப்பின் பங்கு ஒன்றுக்குச் சற்று மேலேயன்றி இரண்டை எட்டாது. பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய 5 இடங்களை 16 மாவட்டங்கள் பகிர்ந்துகொள்ளும். எஞ்சிய 40 இடங்களும் நாடளாவிய போட்டிக்குரியன. எனவே, வாவிக்கரை முழுவதினின்றும் ஓர் ஆண்டில் இக்கல்விக்குச் செல்வோரை ஒருகை விரல்களுள் எண்ணிவிடலாம். வாயில் குறுகியது என்பதை முன்னரே அறிந்தவனே அதற்கேற்ப உழைப்பான். அது கிட்டாதாயின் செல்லத்தக்க மற்றொரு வழியையும் முன்னரே ஆயத்தம் செய்வான்.

விண்ணப்பப் படிவத்தில் விருப்ப வரிசையை எழுதும் முறையிலும் ஒரு நுட்பம் உளது. விண்ணப்பதாரி எழுதிய வரிசையில், அவருடைய புள்ளி இடந்தரும் கற்கைநெறிகளுள் மேலேயிருப்பதற்கே அவர் தெரிவு செய்யப்படுகின்றார். மேலேயுள்ள ஒன்றை எழுதியதனாற் கீழேயுள்ளதற்குரிய வாய்ப்புக் குறைவதில்லை. இதனை அறியாது, கிட்டாதோ என்னும் அச்சத்தால் விரும்பியதைக் கீழேயும் விரும்பாததை மேலேயும் எழுதுவோர் உளர். அச்சத்தால் எழுதிய வரிசை, புள்ளி போதியதாக இருந்தபோதும் விரும்பாத கல்விக்கே அழைத்துச் சென்றுவிடும். மறுபுறத்தில், மருத்துவம், பல் வைத்தியம், கால்நடை வைத்தியம் என்னும் வரிசையை வழக்கம் பற்றி எழுதிவிட்டு, மூன்றாவது கிடைத்தபோது அதனைத் தோல்வியாகக் கருதி மனம் வாடுவோரும் உளர். விருப்ப வரிசை உண்மையான விருப்பத்தின் வரிசையாயிருத்தல் வேண்டும். கால்நடை வைத்தியத்தையே மெய்யாக விரும்புவோன் அதனை முதலில் எழுத நாணவேண்டியதில்லை.

இரண்டாவது வினா, அக்கலாசாலையில் எவ்வகை விலங்குகளைக் கொண்டு கை பழகும் என்பது. வைத்தியம் நூலால் மட்டும் வருவதன்று; கையால் வருவது. கால்நடை வைத்தியனோ வாய் பேசாத நோயாளியைத் தொட்டும் கேட்டும் முகர்ந்துமே நோயை அறிதல் வேண்டும். ஆதலின், ஒரு கலாசாலையைச் சேர்ந்த வைத்தியசாலைக்கு எவ்வெவ்விலங்குகள் வருகின்றன, மாணாக்கர் பண்ணைகளுக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனரா, இறந்த விலங்கை அறுத்துச் சோதிக்கும் பயிற்சி உண்டா என்பனவற்றை விசாரித்தல் தகும். பேராதனையில் போதனா வைத்தியசாலை உண்டு. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் கெட்டம்பேயிலும், கால்நடை ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையிலும் அணித்தே அமைந்துள்ளன. நாட்டின் கால்நடை அறிவு முழுவதும் ஒருங்கு திரண்ட இடம் எனப் பேராதனைச் சூழலைக் கூறலாம்.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பேராதனை மலைநாட்டு ஈரவலயத்தைச் சார்ந்தது. அங்கே கொட்டிலிற் கட்டி வளர்க்கப்படும் ஐரோப்பியக் கலப்பினப் பசுக்கள் மிகுதி. மட்டக்களப்போ வரள்வலயம். இங்கே நாட்டு மாடுகளும் எருமைகளும் பெரும்பட்டிகளாகத் திறந்தவெளியில் மேய்கின்றன. கொட்டிலில் நிற்கும் பசுவுக்கு ஊசியேற்றுதலும் காட்டில் மேயும் எருமையைப் பிடித்து ஊசியேற்றுதலும் ஒன்றல்ல. கண்முன் நிற்கும் பசுவின் சினைப்பருவத்தை அறிந்து செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்வது எளிது. நூறு மாடுகள் உள்ள பட்டியில் அதனை அறிவது அரிது. தொண்டையடைப்பான் என்னும் கொடிய நோய் மாரி மழையின் தொடக்கத்தில் எருமைகளைத் தாக்கி ஓரிரு நாளில் மாய்த்துவிடுவது. மழைக்கு முன்பே தடுப்பூசி ஏற்றினாலன்றி அதற்குப் பரிகாரம் அரிது. இத்தகைய வரள்வலய வைத்தியத்தை மாணவன் விடுமுறைக் காலங்களில் ஊருக்கு வந்து, அரச கால்நடை வைத்தியரோடும் பட்டிக்காரரோடும் சென்று கற்றல் வேண்டும். கலாசாலை தராததை ஊர் தரும். ஊர் தராததைக் கலாசாலை தரும். இவ்விரண்டையும் இணைத்துக்கொள்ளும் மாணவனே நிறைந்த வைத்தியனாவான்.

மூன்றாவது வினா மொழி பற்றியது. உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணவனுக்குப் பேராதனையிலும் இந்தியக் கலாசாலைகளிலும் ஆங்கிலமே போதனாமொழி. உடற்கூற்றியல், உடற்றொழிலியல் ஆகிய பாடங்களின் ஆயிரக்கணக்கான கலைச்சொற்களை முதலாண்டிலேயே அவன் எதிர்கொள்ள வேண்டும். கிராமப் பாடசாலைகளினின்றும் சென்றோருட் பலர் இடர்ப்படுவது அறிவுக் குறைவாலன்று, மொழித் தடையாலேயே. பரீட்சை முடிந்து முடிவு வருவதற்கும் பல்கலைக்கழகம் செல்வதற்கும் இடையே நெடுங்காலம் கழிகின்றது. அக்காலத்தை ஆங்கிலப் பயிற்சிக்குச் செலவிடுதல் அறிவுடைமை. பேராதனைக்குச் செல்வோர் சிங்களமும் பயிலுதல் நன்று. அரச சேவையில் எம்மாவட்டத்திலும் பணியாற்ற நேரலாம். பட்டிக்காரனின் மொழியை அறியாத வைத்தியன் மாட்டின் நோய் வரலாற்றை அறிதல் இயலாது.

நான்காவது வினா செலவும் காலமும் பற்றியது. இலங்கையின் அரச பல்கலைக்கழகக் கல்வி கட்டணமின்றி வழங்கப்படுவது. வறிய மாணாக்கர்க்கு மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. கடல் கடந்து கற்போர்க்கோ கட்டணம், உணவு, உறையுள், பயணம் ஆகிய யாவும் செலவாம். பட்டியிலுள்ள மாடுகளை விற்று மாட்டு வைத்தியம் கற்கவேண்டிய நிலை ஒரு குடும்பத்துக்கு வருமாயின், அதனை மிகவும் சிந்தித்தே செய்தல் வேண்டும்.

எனினும், பேராதனை வாயில் மூடியபோது இந்திய வாயிலைப் பற்றிச் சிந்திப்போர் உளராதலின், அதனையும் விளக்குதல் முறையே. தமிழ்நாட்டில் 1989 இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இந்தியாவில் இத்துறைக்கெனத் தோன்றிய முதற் பல்கலைக்கழகமாகும். வேப்பேரியிலுள்ள பழைய சென்னைக் கல்லூரியும், 1985 இல் தோன்றிய நாமக்கல் கல்லூரியும், 2012 இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய கல்லூரிகளும், 2020 இற் சேலம் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய இடங்களில் தொடங்கப்பெற்ற கல்லூரிகளும் அதன் உறுப்புக்கள். புதுச்சேரியிலும் கேரளத்து மண்ணுத்தியிலும் இத்தகைய கல்லூரிகள் உள. அங்கே பட்டக் கல்வி ஐந்தரை ஆண்டுகள் கொண்டது. அதனுள் ஓராண்டு வைத்தியசாலைகளிலும் பண்ணைகளிலும் பெறும் உள்ளகப் பயிற்சியாகும்.

இக்கல்லூரிகளுள் எதற்கு விண்ணப்பிப்பது என்பதையும் முற்கூறிய வினாக்களே காட்டும். சென்னைக் கல்லூரி பெருநகரில் இருத்தலின் நாய், பூனை முதலிய வளர்ப்பு விலங்குகளின் வைத்தியத்தில் நிறைந்த பயிற்சி பெறலாம். நாமக்கல் கோழிப்பண்ணைத் தொழிலுக்குப் பேர்பெற்ற நாடு. கோழி நோய்களைக் கற்க அதனினும் ஏற்ற இடம் அரிது. தஞ்சைச் சமவெளியிலுள்ள ஒரத்தநாடோ நெல் வயலும் மாடும் சேர்ந்த வாழ்க்கையை உடையது. மட்டக்களப்பின் சூழலுக்கு மலைநாட்டைக் காட்டிலும் நெருங்கியது. ஆயின், அயல்நாட்டு மாணவர்க்கு எக்கல்லூரியில் இடமுண்டு, கட்டணம் யாது, எத்தகைமை வேண்டும் என்பன ஆண்டுதோறும் மாறத்தக்கன; அவற்றைப் பல்கலைக்கழகத்தின் அறிவித்தலிலிருந்தே அறிதல் வேண்டும். அனைத்தினும் முதன்மையானது, அப்பட்டத்தோடு திரும்பி வருவோரை இலங்கைக் கால்நடை வைத்திய சபை எந்நிபந்தனைகளின் மேற் பதிவு செய்யும் என்பதைச் சபையிடமே எழுத்தில் கேட்டு அறிந்த பின்னரே பணங்கட்டுதல். இடைத்தரகரின் வாய்மொழி இதற்குச் சான்றாகாது. இந்நெறி உலகின் எந்நாட்டுக் கலாசாலைக்கும் பொருந்தும்.

பெண் மக்களைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். எருமையை அடக்கும் தொழில் பெண்ணுக்கு ஆகாதெனக் கருதிச் சில பெற்றோர் மகளின் விருப்பத்தைத் தடுக்கின்றனர். இற்றைநாளில் உலகின் பல நாடுகளிற் கால்நடை வைத்தியக் கலாசாலைகளிற் பயில்வோருட் பெண்களே பெரும்பான்மையினர். இத்தொழிலுக்கு வேண்டுவது உடல் வலிமையினும் கைந்நயமும் பொறுமையும் நுண்ணறிவுமேயாம். மேலும், ஆய்வுகூடம், உணவுச் சுகாதாரம், போதனை, தடுப்பு மருந்து உற்பத்தி எனப் பட்டிக்கு அப்பாலும் இத்தொழிலின் துறைகள் விரிகின்றன. மட்டக்களப்பு இல்லங்களிற் கன்றையும் கறவையையும் நாள்தோறும் பேணுவோருட் பெண்கள் பலர்; நோயின் முதற் குறியைக் காண்போரும் அவரே.

இத்தேர்வில் ஒரு மாணவனின் எதிர்காலம் மட்டுமன்றி ஓர் ஊரின் வாழ்வும் அடங்கியுள்ளது. தோலிற் கழலைகளைத் தோற்றுவித்துப் பாலை வற்றச்செய்யும் பெரியதோல்கழலை நோய் 2020 இல் இலங்கையில் முதன்முறையாகத் தோன்றிற்று. 2022 திசம்பரில் மாண்டஸ் சூறாவளியோடு வந்த கடுங்குளிரில், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. விடியுமுன் பட்டியே சாய்ந்து கிடந்த அந்நாட்களிற் புதிய கொள்ளை நோயோ என மக்கள் அஞ்சினர். இறந்த விலங்குகளைச் சோதித்துக் குளிரே காரணம் எனத் தெளிவித்தோர் கால்நடை வைத்தியர்களே. வயல்களிற் பரவும் எலிக்காய்ச்சலும், பாலின் வழி மனிதனைத் தொற்றும் கன்றுவீச்சு நோயும், நாய்க்கடியால் வரும் நீர்வெறுப்பு நோயும் விலங்கு வைத்தியமும் மனித வைத்தியமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதைக் காட்டுவன.

நோயோடு நிலமும் இங்கே பிரச்சினையாகும். மயிலத்தமடு, மாதவணை ஆகிய மேய்ச்சற்றரைகள் அத்துமீறிப் பயிர்செய்கைக்கு உட்படுத்தப்படுவதையும், கால்நடைகள் கொல்லப்படுவதையும் எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் தொடர்போராட்டம் தொடங்கினர். மேய்ச்சல் நிலம் சுருங்கும்போது பட்டிகள் நெருங்குகின்றன. பட்டிகள் நெருங்கும்போது தொற்று எளிதிற் பரவுகின்றது. தீவனம் குறையும்போது உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுகின்றது. ஒரு பட்டிக்கு எத்துணைப் புல்வெளி வேண்டும், இறந்த மாடு எதனால் இறந்தது என்னும் வினாக்களுக்குச் சான்றோடு விடைகூற வல்லவர் ஊருக்கு வேண்டும். அவ்விடை ஆத்திரத்தின் குரலாக அன்றி அறிவின் குரலாக ஒலிக்கும்போது அதனைப் புறக்கணித்தல் எவர்க்கும் எளிதன்று.

தொகுத்து நோக்குமிடத்து, கலாசாலையைத் தேரும் மாணவன் முதலிற் கேட்கவேண்டுவது அக்கல்வி தரும் உரிமை யாது என்பது. அடுத்துக் கேட்கவேண்டுவது அங்கே கை பழகும் விலங்கு யாது என்பது. பின்னர் மொழியும், அதன்பின் செலவும் காலமும் நோக்கத்தக்கன. கலாசாலையின் பெயர் இவையனைத்துக்கும் பின்னரே வருவது. இவ்வரிசையிற் சிந்திப்பின், வைத்தியத்தை விரும்பும் வாவிக்கரை மாணவனுக்குப் பேராதனையே முதல் வாயில் என்பதும், விலங்கு வளர்ச்சியை விரும்புவோனுக்கு வந்தாறுமூலை தாழ்வற்ற வாயில் என்பதும், கடல் கடந்த கலாசாலை பதிவுரிமையை உறுதி செய்துகொண்ட பின்னரே தட்டத்தக்க வாயில் என்பதும் தெளிவாகும். எவ்வாயிலாற் புகுந்தாலும், கற்ற கல்வி மீண்டும் பட்டிக்கு வந்து சேரவேண்டும். ஆநிரையைச் செல்வமெனக் கொண்ட ஊருக்கு, அந்நிரையைக் காக்கக் கற்ற ஒருவர் அதனினும் பெருஞ்செல்வமாவர்.